மேசையைக் கொஞ்சம் இறக்குங்கள், சிஸ்டர்!



ஜூலை 1 மருத்துவர் தினம். மேற்கு வங்க முதலமைச்சராகவும் பேர்பெற்ற மருத்துவராகவும் விளங்கிய டாக்டர் பி.சி. ராய் பிறந்ததும் மறைந்ததும் அதே தேதியில்தான். அவர் நினைவாக அன்று நாடு முழுவதும் மருத்துவர்களுக்கு வாழ்த்துச் சொல்கிறோம். உங்களைக் காப்பாற்றிய மருத்துவர்களைப் பற்றி நீங்கள் நெகிழ்ந்து எழுதும் கடிதங்களுக்கு ஜூலை இதழில் இடம் ஒதுக்குவது நம் வழக்கம். இந்த ஆண்டும் அவை உள்ளே இருக்கின்றன. அவற்றுக்கு முன்பாக உங்களிடம் ஒரு கேள்வியை வைக்க விரும்புகிறேன். நமக்கு அறுவை சிகிச்சை செய்கிறவரின் கழுத்தும் தோளும் முதுகும் எப்படி இருக்கின்றன?

நன்றாக இல்லை என்பதே உண்மை. சிறு துளைகள் வழியாகக் கேமராவையும் கருவிகளையும் நுழைத்து, திரையைப் பார்த்தபடி அறுவை செய்யும் லேப்ராஸ்கோப்பி சர்ஜன்கள் 317 பேரிடம் விசாரித்து 2010-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், நூற்றுக்கு 87 பேர் தங்கள் வேலையால் உடம்பில் வலியோ மரத்துப்போதலோ விறைப்போ இருப்பதாகச் சொன்னார்கள். 'ஜாமா சர்ஜரி' என்ற மருத்துவ இதழ் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் விரிவானது. அதற்கு முன் நடந்த 21 ஆய்வுகளைத் தொகுத்து, 5,828 மருத்துவர்களின் நிலையை அது கணக்கிட்டது. சர்ஜன்களும், ரத்தக்குழாய் வழியாகச் சிகிச்சை செய்பவர்களும் அதில் அடக்கம். கழுத்து எலும்புத் தேய்மானம் 17 சதவீதம் பேருக்கு. தோள்மூட்டைச் சுற்றியுள்ள தசைநார்களில் பாதிப்பு 18 சதவீதம். கீழ்முதுகு எலும்புத் தேய்மானம் 19 சதவீதம். மணிக்கட்டில் நரம்பு நெருக்குண்டு விரல்கள் மரத்துப்போகும் நோய் 9 சதவீதம். பாதிக்கப்பட்டவர்களில் 12 சதவீதம் பேர் நீண்ட விடுப்பு எடுத்திருக்கிறார்கள், அல்லது அறுவைகளைக் குறைத்திருக்கிறார்கள், அல்லது காலத்துக்கு முன்பே ஓய்வு பெற்றிருக்கிறார்கள்.

அந்தக் கடைசி எண்ணைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். நம் நாட்டில் ஒருவர் சிறப்பு சர்ஜன் ஆக ஐந்தரை ஆண்டு எம்.பி.பி.எஸ்., மூன்று ஆண்டு எம்.எஸ்., அதற்கு மேல் மூன்று ஆண்டு எம்.சிஎச். படிக்கிறார். அதன்பிறகு கை தேர்வதற்கே பல ஆண்டுகள் ஆகின்றன. அனுபவம் முற்றி, இளையவர்களுக்குக் கற்றுக்கொடுக்கத் தொடங்கும் வயதில் கழுத்து வலியால் அவர் ஆபரேஷன் தியேட்டரை விட்டு வெளியேறினால், அந்த இழப்பு அவர் குடும்பத்தோடு நிற்பதில்லை. அவரிடம் போயிருக்க வேண்டிய ஒவ்வொரு நோயாளிக்கும் அது இழப்பு.

ஏன் இப்படி ஆகிறது? மூட்டை தூக்குகிறவருக்கு முதுகு வலிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அசையாமல் நிற்கிறவருக்கும் அதே கதி நேரும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. நடக்கும்போதும் வேலை செய்யும்போதும் தசை சுருங்கி விரிகிறது. ஒவ்வொரு முறை விரியும்போதும் அதற்குள் ரத்தம் பாய்கிறது, கழிவு வெளியேறுகிறது. சுருங்கியபடியே நெடுநேரம் இருக்கும் தசைக்கு அந்த வாய்ப்பு இல்லை. ரத்த ஓட்டம் குறையும், களைப்பு ஏறும், பிறகு வலிக்கும். சர்ஜன் வயிற்றைத் திறந்து உள்ளே பார்த்தபடி தலையைக் குனிந்து, கைகளை முன்னே நீட்டி, இரண்டு மூன்று மணி நேரம் அப்படியே நிற்கிறார். நியூயார்க்கின் முதுகெலும்பு சர்ஜன் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-இல் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். நிமிர்ந்து நிற்கும்போது கழுத்தெலும்பு தாங்குவது தலையின் எடையான சுமார் 5 கிலோவை. 30 பாகை குனிந்தால் கழுத்தின் மேல் விழும் சுமை 18 கிலோ ஆகிறது. 60 பாகை குனிந்தால் 27 கிலோ. ஒரு சிப்பம் அரிசியைக் கழுத்தில் ஏற்றிக்கொண்டு நுண்ணிய தையல் போடுவதற்கு ஒப்பானது அது.

லேப்ராஸ்கோப்பி வந்ததும் இந்தக் குனிவு குறையும் என்றுதான் நினைத்தார்கள். ஜெர்மனியில் எரிக் முயே 1985-இல் பித்தப்பையை அந்த முறையில் முதன்முதலாக அகற்றினார். இந்தியாவில் 1990-இல் மும்பையில் டாக்டர் தெஹம்டன் உத்வாடியா அதைச் செய்தார். நோயாளிக்கு அது பெரும் வரம். நீளமான தழும்பு இல்லை, வலி குறைவு, ஓரிரு நாளில் வீட்டுக்குப் போய்விடலாம். சர்ஜனின் உடம்புக்கோ புதிய சோதனைகள் வந்தன. நீளமான கருவியைச் சிறு துளை வழியாக நுழைப்பதால் கைப்பிடியை இடப்பக்கம் நகர்த்தினால் முனை வலப்பக்கம் போகும். கைப்பிடியில் கொடுக்கும் அழுத்தத்தில் ஒரு பகுதிதான் முனைக்குப் போய்ச் சேரும். ஆகவே விரல்கள் கூடுதலாக அழுத்த வேண்டும். கையைத் துளைக்கு மேலே உயர்த்திப் பிடிக்க வேண்டும். கண் ஒரு திசையில் திரையைப் பார்க்க, கை வேறொரு திசையில் வேலை செய்யும்.

இந்த இதழுக்காக ஒரு மருத்துவமனையின் தியேட்டரில், நோயாளியிடமும் மருத்துவரிடமும் அனுமதி பெற்று, பித்தப்பை அறுவை ஒன்றை மூலையில் நின்று பார்த்தேன். சர்ஜன் நல்ல உயரம். மேசை அவருக்கு ஏற்ற உயரத்தில் இருந்தது. நோயாளியின் வயிற்றுக்குள் வாயு செலுத்தியதும் வயிறு உப்பி இன்னும் மேலே வந்தது. எதிர்ப்பக்கம் நின்ற முதுநிலை (பி.ஜி.) மாணவி உயரம் குறைந்தவர். ஒரு கால்மணையைப் போட்டு அதன்மேல் ஏறி நின்றார். பித்தப்பையின் நுனியைப் பிடித்துக் கல்லீரலுக்கு மேலே தூக்கிவைப்பது அவர் வேலை. பை முழுவதும் பிரியும் வரை அந்தப் பிடியை விடக் கூடாது. திரை ஒன்றே ஒன்று. அது சர்ஜனுக்கு நேராக, அதாவது அந்த மாணவியின் தோளுக்குப் பின்னால் இருந்தது. உடம்பு நோயாளியை நோக்கி, முகம் பின்பக்கத் திரையை நோக்கி, வலது கை காதளவு உயரத்தில். அந்த நிலையிலேயே கடைசி வரை நின்றார். சர்ஜனுக்கும் சுகமில்லை. மின்சாரத்தால் திசுவை அறுக்கும் டயதர்மி கருவியின் பெடல் மேசைக்கு அடியில் தள்ளிக் கிடந்ததால், ஒரு காலை அதன்மேல் தூக்கிவைத்து, உடம்பின் பாரம் முழுவதையும் மற்றொரு காலில் தாங்கியபடியே அறுவையை முடித்தார்.

வெளியே வந்து கையுறையைக் கழற்றிய மாணவி கழுத்தை மெல்லத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "வலிக்குதாம்மா?" என்று கேட்டேன்.

"போகப்போகப் பழகிடும்னு சீனியர்ஸ் சொல்றாங்க சார்."

"மேசையைக் கொஞ்சம் இறக்கச் சொல்லியிருக்கலாமே?"

"சீஃப் நிக்கும்போது நான் எப்படி சார் சொல்றது?" என்றார்.

இந்த இதழின் மையம் அந்தப் பதில்தான். மேசையை இறக்க விசையை ஒருமுறை அழுத்தினால் போதும். இன்னொரு திரையை அவர் பக்கம் தள்ளிவைக்க அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடத்தைக் கேட்கும் துணிவை நம் மருத்துவக் கல்வி அவருக்குத் தரவில்லை. பசி, தூக்கம், கால்கடுப்பு எதையும் பொருட்படுத்தாமல் நிற்பவரே நல்ல சர்ஜன் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். அந்த அர்ப்பணிப்பை நான் கைகூப்பி வணங்குகிறேன். ஆனால் தாங்கிக்கொள்வதால் தசைநார் வலுப்பெறாது. தேய்ந்த எலும்பு வளராது. வலியைப் பழக்கிக்கொள்வது திறமையின் அடையாளம் என்ற எண்ணத்தை நாம் கைவிட வேண்டும்.

இந்தச் சிரமம் லேப்ராஸ்கோப்பியில் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். எலும்பு முறிவு சர்ஜனும் இதய ரத்தக்குழாய் அடைப்பை நீக்கும் மருத்துவரும் எக்ஸ்ரே கதிரிலிருந்து தப்ப 5 முதல் 7 கிலோ எடையுள்ள ஈய அங்கியை நாள் முழுக்கத் தோளில் சுமக்கிறார்கள். கண், காது, மூளை அறுவைகளில் மைக்ராஸ்கோப்பின் கண்ணாடியோடு முகத்தைப் பொருத்தி, இம்மி அசையாமல் இருக்க வேண்டும். சிசேரியன் செய்பவர் பக்கவாட்டில் வளைந்து குனிகிறார். சிஸ்டர்கள் மணிக்கணக்கில் நின்றபடி கருவிகளை எடுத்துக் கொடுக்கிறார்கள். மயக்கத்தில் கனத்துக் கிடக்கும் நோயாளியை மேசையிலிருந்து டிராலிக்கு மாற்றும் தியேட்டர் ஊழியர்களின் முதுகைப் பற்றிப் பேசுவோர் இன்னும் குறைவு.

ரோபோ வந்துவிட்டதே, இனி என்ன கவலை என்று சிலர் கேட்கலாம். சென்னை ஓமந்தூரார் தோட்டத்தில் உள்ள அரசு பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையில் 2022-இல் ரோபோ அறுவை வசதி வந்தது நமக்குப் பெருமை. சர்ஜன் உட்கார்ந்து இயக்குவதால் தோளுக்கும் காலுக்கும் ஓய்வு கிடைக்கிறது. ஆனாலும், தலையைக் காட்சிக் கண்ணாடியோடு பொருத்தி வெகுநேரம் உட்காரும்போது கழுத்தும் விரல்களும் வலிக்கத்தான் செய்கின்றன. இருக்கையையும் கண்ணாடியின் உயரத்தையும் தனக்கேற்ப மாற்றிக்கொள்ளாதவருக்கு விலை உயர்ந்த இயந்திரமும் வலியையே தரும்.

பெண் சர்ஜன்களின் சிரமம் தனியாகச் சொல்லப்பட வேண்டியது. 726 லேப்ராஸ்கோப்பி சர்ஜன்களிடம் நடந்து 2004-இல் வெளியான ஆய்வு ஒன்று, 6.5 அல்லது அதைவிடச் சிறிய அளவுக் கையுறை அணிபவர்கள் கருவிகளைக் கையாள்வதில் அதிகம் சிரமப்படுவதைக் காட்டியது. கருவிகளின் கைப்பிடிகள் பெரிய கைகளை மனத்தில் வைத்தே செய்யப்படுகின்றன. நம் மருத்துவக் கல்லூரிகளில் பெண்கள் இவ்வளவு பேர் படிக்கும் காலத்தில், கருவிகளை வாங்குகிறவர்கள் சிறிய கைக்கு இது பொருந்துமா என்று கேட்காமல் இருப்பது நியாயமில்லை.

கருவியும் வேலையும் மனிதனின் உடம்புக்குப் பொருந்தினால் என்னவெல்லாம் நடக்கும் என்பதற்கு மதுரையைவிடச் சிறந்த சான்று இல்லை. அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் ஜி. வெங்கடசாமி மகப்பேறு மருத்துவராக வர விரும்பியவர். ராணுவ மருத்துவப் பணியில் இருந்தபோது முடக்குவாதம் அவரைப் படுக்கையில் தள்ளியது. விரல்கள் கோணிப்போயின. அது வேலையால் வந்த நோய் அன்று. ஆனால் அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் நமக்குப் பாடம். கண் மருத்துவம் படித்தார். வளைந்த தன் விரல்களுக்கேற்பக் கருவிகளை அமைத்துக்கொண்டு, கத்தியைப் பிடிக்கப் புதிதாகப் பழகினார். அந்தக் கைகளால் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான கண் அறுவைகளைச் செய்தார். அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பின் 1976-இல் 11 படுக்கைகளோடு மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கே தியேட்டர் அமைந்திருக்கும் விதமும் கவனிக்கத்தக்கது. சர்ஜனுக்கு இரண்டு மேசைகள். ஒன்றில் அறுவை நடக்கும்போதே அடுத்த நோயாளியைப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் மற்ற மேசையில் தயார் செய்துவிடுகிறார்கள். முடிந்ததும் மைக்ராஸ்கோப்பை அந்தப் பக்கம் திருப்பினால் போதும். சர்ஜனின் சக்தி அறுவைக்கு மட்டுமே செலவாகிறது. கைக்கேற்பக் கருவி, ஆளுக்கேற்ப அரங்கு என்ற அந்த எளிய சிந்தனைதான் எர்கனாமிக்ஸ்.

அடுத்து, இடைவேளை. அறுவையின் நடுவில் கத்தியைக் கீழே வைப்பதா என்று பலர் திடுக்கிடுவார்கள். கனடாவில் 16 சர்ஜன்களை வைத்து நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 விநாடி மட்டும் நிறுத்திக் கழுத்தையும் தோளையும் தளர்த்தச் சொன்னார்கள். அறுவை முடிந்தபின் நட்சத்திர வடிவம் ஒன்றின் கோட்டைக் கத்தரிக்கோலால் பின்தொடரச் சொல்லிக் கையின் துல்லியத்தைச் சோதித்தார்கள். இடைவேளை இல்லாத நாட்களில் களைத்த கை தவறுகளைப் பெருக்கியது. இடைவேளை எடுத்த நாட்களில் கை தடுமாறவில்லை, வலியும் குறைந்தது. ஜெர்மனியின் ஹனோவரில் குழந்தைகளுக்கான லேப்ராஸ்கோப்பியின்போது அரை மணிக்கொருமுறை 5 நிமிடம் ஓய்வு கொடுத்துப் பார்த்தார்கள். சர்ஜன்களின் மன அழுத்த ஹார்மோன் குறைந்தது. அறுவையின் மொத்த நேரம் கூடவில்லை. நோயாளியின் பாதுகாப்பும் சர்ஜனின் உடல்நலமும் ஒன்றோடொன்று மோதவில்லை, சேர்ந்தே போகின்றன என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

மருத்துவமனை நிர்வாகிகளுக்கும் துறைத் தலைவர்களுக்கும் என் வேண்டுகோள்கள் சில. அறுவை மேசை வாங்கும்போது அது எவ்வளவு உயரும் என்பதோடு எவ்வளவு தாழும் என்றும் கேளுங்கள். லேப்ராஸ்கோப்பியில் கருவியின் கைப்பிடி முழங்கை மட்டத்தில் இருக்கும்படி மேசை இறங்க வேண்டும். திரை சர்ஜனுக்கு நேர் எதிரே, கண்மட்டத்துக்குச் சற்றுத் தாழ்வாக இருக்கட்டும். உதவியாளருக்குத் தனித் திரை வையுங்கள். கால்மணை, பெடலும் அதன்மேல் அடங்கும் அளவுக்கு அகலமாக இருக்கட்டும். நிற்கும் இடத்தில் மெத்தென்ற விரிப்புப் போடுங்கள். ஈய அங்கியை மேல், கீழ் என இரு பகுதியாக வாங்கினால் பாரத்தில் ஒரு பகுதி இடுப்புக்கு இறங்கும். நீண்ட கேஸ்களை ஒருவருக்கே ஒரே நாளில் அடுக்காமல் அறுவைப் பட்டியலைப் போடுங்கள். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் செலவைவிட அக்கறைதான் அதிகம் தேவை.

உலக சுகாதார நிறுவனம் 2008-இல் அறுவைப் பாதுகாப்புக்காக 19 அம்சங்கள் கொண்ட சரிபார்ப்புப் பட்டியலை உலகுக்குத் தந்தது. தோலில் கத்தி படுவதற்கு முன் எல்லோரும் ஒரு நிமிடம் நின்று, நோயாளியின் பெயர், செய்யப்போகும் அறுவை, அறுக்கும் இடம் ஆகியவற்றை உரக்கச் சொல்லிச் சரிபார்க்கிறார்கள். அதே நிமிடத்தில், "மேசை, திரை, பெடல் எல்லோருக்கும் சரியா?" என்ற ஒரு கேள்வியையும் நம் மருத்துவமனைகள் சேர்த்துக்கொள்ளட்டும். அதைத் துறைத் தலைவரே கேட்கட்டும். தலைவர் கேட்டுவிட்டால், மூலையில் நிற்கும் முதலாண்டு மாணவி, "மேசையைக் கொஞ்சம் இறக்குங்கள், சிஸ்டர்" என்று தயங்காமல் சொல்வார். எம்.எஸ். பாடத்திட்டத்தில் தையல் போடக் கற்றுத்தரும் முதல் வாரத்திலேயே நிற்கவும் கற்றுத்தர வேண்டும். நாற்பது வயதில் பிசியோதெரபிக்குப் போய்த் தெரிந்துகொள்ளும் பாடமாக அது இருக்கக் கூடாது.

இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ராமஸ்ஸினி 1700-இல் தொழில் நோய்களைப் பற்றி நூல் எழுதினார். நோயாளியிடம் அவர் செய்யும் தொழிலையும் கேட்டறிய வேண்டும் என்று மருத்துவர்களை வற்புறுத்தியவர் அவர். அன்றிலிருந்து மருத்துவர்கள் நெசவாளியிடமும் சுரங்கத் தொழிலாளியிடமும் கணினி முன் அமர்பவரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டு வருகிறார்கள். அதைத் தங்களிடமே கேட்டுக்கொள்ள அவர்களுக்கு இன்னும் கூச்சம் இருக்கிறது. அந்தக் கூச்சத்தைப் போக்குவதில் வாசகர்களாகிய நமக்கும் பங்குண்டு. உங்களுக்கோ உங்கள் வீட்டாருக்கோ அறுவை செய்யவேண்டிய மருத்துவர் உடல்நலக் குறைவால் தேதியை மாற்றினால், முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு இத்தனை கேஸ்தான் என்று ஒருவர் வரம்பு வைத்துக்கொண்டால் அதை ஆணவம் என்று எண்ணாதீர்கள். உங்கள் வீட்டில் ஒரு சர்ஜனோ செவிலியரோ இருந்தால், இரவு வந்ததும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்காரும் அவரை, "வேலைன்னா அப்படித்தான்" என்று சொல்ல விடாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அவர்களும் நோயாளிகளாகலாம், அதில் வெட்கம் எதுவும் இல்லை.

இதழின் உள்ளே, அறுவை அரங்கில் நின்றபடியே செய்யக்கூடிய கழுத்து, தோள் பயிற்சிகளைப் படங்களோடு தந்திருக்கிறோம். தையல்காரர், சமையல்காரர், ஓட்டுநர் என யாருக்கும் அவை உதவும். தியேட்டரில் பணிபுரியும் வாசகர்களிடம் ஒரு சிறப்பு வேண்டுகோள். உங்கள் வலியையும், அதைக் குறைக்க உங்கள் மருத்துவமனை செய்த மாற்றத்தையும் எங்களுக்கு எழுதுங்கள். பெயர் வெளியிட வேண்டாம் என்றால் வெளியிட மாட்டோம். நல்ல மாற்றங்களைத் தொடர்ந்து வெளியிடுவோம், மற்ற மருத்துவமனைகளும் பின்பற்றட்டும்.

நம்மை நிமிர்ந்து நடக்கவைக்கும் மருத்துவர்கள் அனைவருக்கும் மருத்துவர் தின வாழ்த்துகள். உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் எங்களுக்கு இன்னும் நெடுநாள் தேவை.

அன்புடன்,
ஆசிரியர்